அசையாமல் கிடப்பவரின் தூக்கத்தைக் கடிகாரம் அளக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள எல்பில், கமுனிங், டோவன்பி, ஹேவுட் தோட்டப் பக்கங்களிலும் பக்கவாதத்தாலோ முதுகுத்தண்டு அடிபட்டோ ஒருவர் படுத்திருக்கும் வீடுகளில், தூக்கத்தைக் கணக்கிடும் கைக்கடிகாரம் இப்போது சாதாரணமாகிவிட்டது. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்யும் பிள்ளைகள் வாங்கி அனுப்புகிறார்கள். தீபாவளி சமயத்தில் பொது இயக்கங்களும் கொடுக்கின்றன. அடுத்த தடவை கிளினிக்குக்கு வரும்போது கைப்பேசியை நீட்டி, "பாருங்க டாக்டர், அப்பா 8 மணி நேரம் தூங்குறார்னு இதுல வருது. அவரு என்னமோ ராத்திரி பூரா தூக்கமே இல்லேங்கிறாரு" என்கிறார்கள். இந்த வழக்கில் பெரும்பாலும் அப்பா சொல்வதுதான் சரி. அது ஏன் என்பதையும், வாங்கிய கருவியை வீணாக்காமல் உருப்படியாகப் பயன்படுத்தும் முறையையும் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இந்தக் கடிதம்.

கடிகாரத்துக்குள் இருப்பது முடுக்கமானி என்ற சிறு சில்லு. மேல்கீழ், இடவலம், முன்பின் என மூன்று திசைகளிலும் ஏற்படும் அசைவை அது இடைவிடாமல் அளக்கிறது. ஆய்வுக்குப் பயன்படும் கருவிகளில் விநாடிக்கு 30 முதல் 100 அளவீடுகள் வரை எடுப்பார்கள். பிறகு அவற்றை 30 விநாடி அல்லது 1 நிமிடத் துண்டுகளாகச் சேர்த்து, ஒவ்வொரு துண்டுக்கும் 'அசைவு எண்' ஒன்றைப் போடுவார்கள். அந்த எண் குறைவாக இருந்தால் தூக்கம், கூடுதலாக இருந்தால் விழிப்பு. இவ்வளவுதான் அடிப்படை. கருவி தூக்கத்தைப் பார்ப்பதே இல்லை. அசைவின்மையைப் பார்த்துத் தூக்கம் என்று ஊகிக்கிறது. மூளை அலை, கண் அசைவு, தாடைத் தசை இறுக்கம், மூச்சு, ஆக்சிஜன் எல்லாவற்றையும் ஒன்றாகப் பதியும் முழு இரவுப் பரிசோதனைதான் தூக்கத்தை நேரடியாக அளப்பது.

ஊகம் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் பாதி மர்மம் தெளிந்துவிடும். 1992இல் வெளியான கோல்-கிரிப்கே கணக்கு இன்றும் பல மென்பொருள்களில் இருக்கிறது. ஒரு நிமிடம் தூக்கமா விழிப்பா என்று முடிவு செய்ய, அந்த நிமிடத்தோடு முந்தைய 4 நிமிடங்களையும் பிந்தைய 2 நிமிடங்களையும் சேர்த்து 7 நிமிடங்களை அது பார்க்கும். பரவலாகப் புழங்கும் வடிவத்தில் எடைகள் வரிசையாக 106, 54, 58, 76, 230, 74, 67. இதில் 230 என்பது நடப்பு நிமிடத்துக்கு உரியது. ஒவ்வொரு நிமிடத்தின் அசைவு எண்ணையும் அதன் எடையால் பெருக்கிக் கூட்டி, 0.001ஆல் பெருக்கினால் வரும் விடை 1க்குக் கீழே இருந்தால் தூக்கம். இந்த எடைகள் எல்லாம் கைகால் நன்றாக இயங்கும் ஆட்களைப் பரிசோதனைக் கூடத்தில் படுக்க வைத்துக் கண்டுபிடித்தவை. தூக்கம் வராதவர் புரண்டு படுப்பார், போர்வையை இழுப்பார், கொசுவை அடிப்பார் என்ற நம்பிக்கை கணக்குக்குள்ளேயே இருக்கிறது.

அப்படிப்பட்டவர்களிடம்கூட, உண்மையில் தூங்கிய நிமிடங்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் கருவி சரியாகப் பிடிக்கும். விழித்திருந்த நிமிடங்களைப் பிடிப்பதில்தான் கோட்டைவிடும். பல ஆய்வுகளில் விழிப்பு நிமிடங்களில் பாதியைக்கூட அது கண்டுகொள்ளவில்லை. புரளவே முடியாத ஒருவரிடம் அந்தப் பாதியும் போய்விடும். இரவு முழுவதும் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தவருக்கு மறுநாள் காலை 95 விழுக்காடு 'தூக்கத் திறன்' (படுக்கையில் இருந்த நேரத்தில் தூங்கிய பங்கு) என்று பச்சை நிறத்தில் காட்டும்.

ஆகவே முதல் கேள்வி, இவருக்கு எந்த உறுப்பு அசைகிறது என்பதுதான். கருவியின் கையேடு "அதிகம் பயன்படுத்தாத கையில் கட்டவும்" என்று சொல்லும். நம் நோயாளிகள் விஷயத்தில் அந்த வரியை மறந்துவிடலாம்.

பக்கவாதம் வந்தவருக்கு நல்ல கையில் கட்ட வேண்டும். இடது பக்கம் விழுந்திருந்தால் வலது மணிக்கட்டு. அவர் வலது கைக்காரராக இருந்தாலும் அதேதான். செயலியின் அமைப்பில் 'எந்தக் கை' என்ற கேள்விக்கும் அதற்கேற்ப மாற்றிப் பதில் தர வேண்டும். விழுந்த கையில் கட்டினால் தூக்கம் பெரும்பாலும் கூடுதலாகவே காட்டும். இங்கே ஒரு சிக்கல் அடிக்கடி வருகிறது. சர்க்கரை நோயால் சிறுநீரகமும் கெட்டு, டயாலிசிஸுக்காக நல்ல கையில் இரத்தக்குழாய் இணைப்பு செய்திருப்பார்கள். அந்தக் கையில் கடிகாரம், காப்பு, இரத்த அழுத்தப் பட்டை எதுவும் கூடாது. இறுக்கம் இணைப்பை அடைத்துவிடும். அப்படிப்பட்டவருக்கு நல்ல பக்கத்துக் கணுக்காலில் கட்டலாம். ஆனால் கணக்கு மணிக்கட்டுக்கு உருவானது, கால் இயல்பாகவே குறைவாக அசையும் என்பதை மனத்தில் வைத்து, மொத்த மணி நேரத்தை நம்பாமல் ஓர் இரவை இன்னோர் இரவோடு ஒப்பிட மட்டும் பயன்படுத்த வேண்டும்.

முதுகுத்தண்டு அடிபட்டவர்களில், மார்புக்குக் கீழே பாதிப்பு உள்ளவர்களுக்குக் கைகள் நன்றாக இருப்பதால் மணிக்கட்டில் கட்டினால் ஓரளவு நம்பலாம். கழுத்தில் அடிபட்டிருந்தால் மட்டத்தைக் கேட்க வேண்டும்; மருத்துவமனைக் கடிதத்தில் சி4, சி5 என்று எழுதியிருப்பார்கள் (சி என்றால் கழுத்து, எண் மேலிருந்து எத்தனையாவது மட்டம் என்பது). சி5இல் தோளும் முழங்கை மடக்கும் தசையும் வேலை செய்யும், மணிக்கட்டை நிமிர்த்தும் வலு இருக்காது. முழங்கை மடங்கும்போது மணிக்கட்டும் கூடவே போவதால் கருவி கொஞ்சம் அசைவைப் பிடிக்கும். இரண்டு கைகளில் எது வலுவானதோ அதில் கட்ட வேண்டும். சி6, சி7 என்றால் நிலைமை இன்னும் மேல். சி4க்கும் அதற்கு மேலும் முழுமையான பாதிப்பு என்றால் தலை, முகம், தோளைக் குலுக்குவது இவை மட்டுமே மிஞ்சும். மணிக்கட்டில் கட்டுவது சுவரில் மாட்டுவதற்குச் சமம். இவர்களுக்குச் சிறிய, திரையில்லாத பதிவுக்கருவியை மெல்லிய துணிப் பட்டையில் நெற்றி நடுவில் வைக்கலாம். 11 கிராம் எடையுள்ள கருவிகள் உண்டு. தலையணை படாத இடமாக, மூச்சுக் கருவியின் முகமூடிப் பட்டைக்குக் கீழே சிக்காமல் இருக்க வேண்டும். மூளைத்தண்டில் பக்கவாதம் வந்து இரண்டு பக்கமும் விழுந்தவர்களுக்கும் இதே முறைதான். நெற்றியில் கிடைக்கும் எண்ணை மணிக்கட்டுக் கணக்கில் போட்டு மணி நேரமாக மாற்றக்கூடாது. அதே ஆளின் இரவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடத்தான் அது உதவும்.

இன்னொரு வகைக் கணக்கும் இருக்கிறது. 2015இல் வெளிவந்தது. கையின் சாய்கோணம் 5 பாகைக்கு மேல் மாறாமல் குறைந்தது 5 நிமிடம் இருந்தால் அது நீடித்த அசைவின்மை என்று எடுத்துக்கொள்ளும். ஆய்வாளர்கள் இலவச மென்பொருளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். நோயாளியின் கையைத் தலையணை மீது ஏற்றிவைத்து, அவர் அதைத் தானாக இறக்க முடியாத நிலையில் இருந்தால், இந்தக் கணக்கும் விடிய விடிய ஒரே தூக்கம் என்றுதான் சொல்லும்.

பல மாதப் போக்கைப் பார்க்கும்போது ஒரு பெரிய ஏமாற்று நடக்கிறது. இதைப் பற்றி யாரும் எச்சரிப்பதாகத் தெரியவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு பயிற்சியால் கை தேறி வரும்போது இரவிலும் அது அசையத் தொடங்கும். கடிகாரம் "தூக்கம் குறைகிறது" என்று எச்சரிக்கும். உண்மையில் கைதான் தேறுகிறது. இதற்கு நேர்மாறாக, மோட்டார் நியூரோன் நோய் போல நாளுக்கு நாள் தசை தளரும் நோயில், தூக்கம் "மேம்பட்டுக்கொண்டே" போகும். அந்த நோயாளிக்கு அதே மாதங்களில் மூச்சுத் தசையும் தளர்ந்து இரவில் மூச்சு குறைந்துகொண்டிருக்கலாம். படம் நன்றாக இருக்கிறது என்று மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவது இங்கே ஆபத்து.

மறுபக்கத் தவறும் உண்டு: தூங்கும் ஆளை விழித்திருப்பதாகக் காட்டுவது. முக்கியக் காரணம் தசை இழுப்பு. முதுகுத்தண்டு அடிபட்டவருக்குக் காலோ கையோ சில விநாடிகள் வெட்டி இழுக்கும். பல சமயம் அவர் விழிப்பதே இல்லை. மேலே சொன்ன எடைகளை வைத்துப் பாருங்கள். ஒரே நிமிடத்தில் அசைவு எண் 19 என்று வந்து மற்ற நிமிடங்கள் எல்லாம் சுழியமாக இருந்தாலும், மிகச் சிறிய எடையான 54ஆல் 19ஐப் பெருக்கினால் 1026, அதாவது 1.026. வரம்பைத் தாண்டிவிட்டது. ஆக ஒரே ஓர் இழுப்பு, அந்த நிமிடத்தோடு முன்னும் பின்னுமாக மொத்தம் 7 நிமிடங்களை விழிப்பாக்கிவிடும். தள்ளித் தள்ளி 8 இழுப்புகள் வந்தால் 56 நிமிடம் போச்சு. வரைபடத்தில் இதை அடையாளம் காணலாம். ஒற்றைக் குச்சியாக உயர்ந்து, இரு பக்கமும் வெறுமையாக இருந்தால் இழுப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். நிஜமான விழிப்பில் ஏற்ற இறக்கமாகப் பல நிமிடம் அசைவு தொடரும். ஆனால் இதை வைத்து 'இரவில் இத்தனை இழுப்பு' என்று நோய்க்கணக்குப் போடக்கூடாது. கால்கள் விட்டு விட்டு இழுக்கும் கோளாறைக் கண்டறிய, தசை மின்பதிவுக்குப் பதிலாக இந்தக் கருவியை வைக்கவே கூடாது என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் 2018 வழிகாட்டி உறுதியாகச் சொல்கிறது.

இரண்டாவது காரணம் நாம்தான். படுக்கைப்புண் வராமல் இருக்க இரவில் ஆளைத் திருப்பிப் படுக்க வைக்கிறோம், சிறுநீர்க் குழாய் போடுகிறோம், பை மாற்றுகிறோம். எல்லாம் அவருடைய அசைவாகவே பதிவாகும். ஒரே மெத்தையில் பக்கத்தில் படுத்திருப்பவர் புரண்டாலும் கொஞ்சம் சேரும். காற்று மெத்தையின் பம்பு பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதன் அறைகள் ஏறி இறங்குவது மிக மெதுவாக நடப்பது. பழைய வகைக் கருவிகள் குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குள் வரும் அசைவை மட்டும் எண்ணும் என்பதால் இது பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். ஓர் உற்பத்தியாளரின் வடிகட்டி 0.25 முதல் 2.5 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே விடும். ஆனால் கோணத்தைப் பார்க்கும் கணக்கு ஏமாறக்கூடும். சந்தேகமிருந்தால் சோதிப்பது எளிது: பகலில் ஆளை நாற்காலியில் உட்கார வைத்திருக்கும் நேரத்தில், கடிகாரத்தை ஒரு 2 கிலோ அரிசிப் பையில் கட்டி, வழக்கமாகக் கை இருக்கும் இடத்தில் மெத்தை மேல் வைத்து, பம்பை ஓடவிட்டு 1 மணி நேரம் பதிய விடுங்கள். அரிசி விழித்திருப்பதாக வந்தால் பம்பு, கட்டில், மின்விசிறி மூன்றில் ஒன்று குற்றவாளி. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

படுக்கும் நேரம் இன்னொரு ஓட்டை. தோட்டத்தில் வேலை செய்பவர்கள் விடியற்காலையிலேயே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போக வேண்டும். வீட்டார் சீக்கிரம் படுத்தாக வேண்டும். அதனால் நோயாளியை இரவு 8 மணிக்கே படுக்கையில் கிடத்திவிடுவார்கள். அவருக்குத் தூக்கம் வருவது 11 மணிக்காக இருக்கலாம். தானாக நேரம் கண்டுபிடிக்கும் கடிகாரம் 8.05க்கே தூக்கம் தொடங்கியதாக எழுதிக்கொள்ளும். காலை 4.30க்குக் குளிப்பாட்டத் தூக்கினால் அதுதான் எழும் நேரம். ஆகவே தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, விளக்கை அணைத்து "இனித் தூங்குகிறேன்" என்று அவர் சொன்ன நேரத்தைக் கையால் பதிய வேண்டும். பகல் குட்டித் தூக்கக் கணக்கை முழுக்கவே ஒதுக்கிவிடலாம். சக்கர நாற்காலியில் அசையாமல் தொலைக்காட்சி பார்ப்பதும் அதற்குத் தூக்கம்தான்.

இதயத்துடிப்பையும் சேர்த்துப் பார்க்கிற கடிகாரம் இந்தக் குறையைச் சரிசெய்யாதா என்று கேட்கலாம். பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சித் துடிப்பை அளந்து, துடிப்புகளுக்கு இடையிலான ஏற்ற இறக்கத்தை வைத்து ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று வண்ணம் தீட்டுகிறார்கள். கழுத்து மட்டத்தில் முழுமையாக அடிபட்டவருக்கு இதயத்தை வேகப்படுத்தும் நரம்புக்கு மூளையிலிருந்து வரும் கட்டளை அறுந்திருக்கும், மெதுவாக்கும் நரம்பு மட்டும் வேலை செய்யும். அந்த ஏற்ற இறக்கமே வேறு மாதிரி ஆகிவிடும். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்குச் சீரற்ற இதயத்துடிப்பு இருக்கும். துடிப்பை மெதுவாக்கும் பீட்டா தடுப்பு மாத்திரையும் சாப்பிடுவார்கள். இத்தனைக்கும் மேலே அந்த வண்ணப் படத்தைப் பார்த்து "ஆழ்ந்த தூக்கம் 1 மணி 12 நிமிடம்" என்று கவலைப்படுவது வீண். அதை மூடி வைத்துவிடுங்கள்.

இன்னும் ஒன்றை இங்கே சொல்லத்தான் வேண்டும். கழுத்தில் அடிபட்டவர்களுக்குத் தூக்கம் கெடுவதற்கு உடலுக்குள்ளேயே காரணம் இருக்கிறது. இருட்டியதும் மெலட்டோனினைச் சுரக்கச் சொல்லும் செய்தி, மூளையின் கடிகார மையத்திலிருந்து கழுத்துத் தண்டு வழியாக மார்பின் மேல்பகுதி வரை இறங்கி, அங்கிருந்து மறுபடி மேலேறித்தான் பினியல் சுரப்பிக்குப் போகிறது. கழுத்தில் தண்டு முழுமையாகத் துண்டானால் பாதை அடைபட்டு, இரவு மெலட்டோனின் சுரப்பதில்லை. "சும்மாதானே படுத்திருக்கீங்க, தூங்க வேண்டியதுதானே" என்று வீட்டில் சொல்வது எவ்வளவு அநியாயம் என்பது இப்போது புரியும். மெலட்டோனின் கொடுக்கலாமா, எவ்வளவு, எப்போது என்பது மருத்துவர் முடிவு. கடையில் வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம்.

தோலைப் பற்றி. உணர்ச்சி இல்லாத மணிக்கட்டில் பட்டை அறுத்தாலும் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. பட்டைக்கும் தோலுக்கும் இடையில் சுண்டுவிரல் நுழைய வேண்டும். பக்கவாதக் கையோ அசையாத கையோ இரவில் வீங்கும். மாலையில் சரியாக இருந்த பட்டை விடியற்காலையில் பிடித்திருக்கும். தினமும் காலையில் கழற்றி, வியர்வையைத் துடைத்து உலர விட்டு, அடியில் தோலைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை என்றாலோ, அரை மணி நேரத்துக்குப் பிறகும் சிவப்பு மாறவில்லை என்றாலோ அந்தக் கையில் மறுபடி கட்டாதீர்கள். ரப்பர் பட்டையைவிடத் துணிப் பட்டை நம் வெக்கைக்குப் பரவாயில்லை. கையில் இருக்கும்போதே மின்னேற்றம் செய்யவே கூடாது.

இவ்வளவு குறை இருந்தும் கருவியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அந்த ஆளிடம் அது எவ்வளவு நம்பகம் என்பதை வீட்டிலேயே சோதிக்க வழி இருக்கிறது, செலவும் இல்லை. இரவில் திருப்பிப் போடும் நேரங்களையே சோதனை நேரமாக்கிக்கொள்ளுங்கள். உதாரணமாக 12 மணி, 3 மணி, 6 மணி. கட்டிலருகே போனதும் கைவைக்கும் முன், விளக்கைப் போடாமல், மெல்லிய குரலில் "முழிச்சிருக்கீங்களா?" என்று ஒரு தடவை மட்டும் கேட்க வேண்டும். பதில் வந்தால், "நான் வர்றதுக்கு முன்னாடியே முழிப்பா?" என்பது அடுத்த கேள்வி. ஆம் என்றால் வி, பதிலே இல்லையென்றால் தூ என்று நேரத்தோடு எழுதுங்கள். உங்கள் காலடிச் சத்தத்தில்தான் விழித்தேன் என்றால் அதையும் தூ என்றே கொள்ள வேண்டும். பேச முடியாதவர் என்றால் கண் சிமிட்டும் சைகையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். காலையில் செயலியைத் திறந்து, நீங்கள் போனதற்கு முந்தைய 10 நிமிடத்தை மட்டும் பாருங்கள். திருப்பிப் போட்ட பிறகு வருவது உங்கள் அசைவு.

14 இரவு செய்தால் 42 பதிவுகள் கிடைக்கும். அதில் 20 தடவை அவர் விழித்திருந்தார், கடிகாரம் அவற்றில் 6ஐ மட்டும் விழிப்பு என்றது என்று வைத்துக்கொள்வோம். பத்துக்கு மூன்று. அப்படியென்றால் அது தரும் மொத்தத் தூக்க நேரத்தைக் குப்பையில் போடலாம். 20இல் 15ஐப் பிடித்தால், அவருக்கு அது ஓரளவு வேலை செய்கிறது. தூ என்று எழுதியவற்றில் பாதிக்கு மேல் விழிப்பு என்று வந்தால் தசை இழுப்பையோ மெத்தையையோ சந்தேகியுங்கள். ஏழு இரவுக்குக் குறைந்தால் எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஆய்வுக் கருவிகளில் விழித்ததும் அழுத்த ஒரு பொத்தான் இருக்கும். விரல் மடங்காதவருக்கு அது உதவாது. கன்னத்தருகே பொருத்திய கம்பியில்லா அழைப்பு மணிப் பொத்தான் பரவாயில்லை. மணி அடித்த நேரத்தை எழுத ஆள் விழித்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் குறை.

இனி முக்கியமான விஷயம். கழுத்தில் அடிபட்டவர்களிடமும் பக்கவாதம் வந்தவர்களிடமும் தூக்கத்தில் மூச்சடைப்பு மிக அதிகம். அதை அசைவை மட்டும் அளக்கும் இந்தக் கடிகாரம் கண்டுபிடிக்காது. மூச்சு நின்று மூளை விழித்துக்கொள்ளும்போது நல்ல உடம்புக்காரர் உதறிப் புரள்வார், கருவிக்குக் கொஞ்சமாவது சாடை தெரியும். இவர்கள் அசையாமலேயே திணறுவார்கள். குறட்டை இடையில் நின்று பின் திடுமென இழுத்து மூச்சு வாங்குவது, காலையில் தலைவலி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்ததும் தலை தொங்குவது இவற்றைக் கண்டால், கடிகாரம் எத்தனை மணி நேரம் காட்டினாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மார்பின் மேல்பகுதியில், அதாவது 6ஆம் மார்புத்தண்டு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர் திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலியோடு விழித்தால் அது வேறு அவசரம்: உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள், அடங்காவிட்டால் 999 அவசர எண்ணை அழையுங்கள்.

எனவே பொது இயக்கங்களுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு விண்ணப்பம். படுக்கையில் இருப்பவர்களுக்குக் கடிகாரம் வாங்கிக் கொடுக்கும் பணத்தில், இரவு முழுவதும் பதிந்து வைக்கும் ஆக்சிஜன் அளவியை வாங்கிக் கிளினிக் மூலம் சுழற்சி முறையில் கொடுங்கள். விரலில் மாட்டி உடனே ஓர் எண் காட்டும் சின்னக் கருவி போதாது. நினைவகம் உள்ளதாக இருக்க வேண்டும். கை குளிர்ந்து போகிறவர்களுக்குக் காதுமடலில் மாட்டும் வகை நல்லது. விரலில் மாட்டினால் நகப்பூச்சை அழித்துவிட்டு, உணர்ச்சியற்ற விரலாக இருந்தால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை விரலை மாற்றுங்கள். நம்மைப் போன்ற கருத்த தோலில் இந்தக் கருவிகள் உண்மையைவிடக் கூடுதலாக ஆக்சிஜன் காட்டக்கூடும். 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கருவி கவனிக்கத் தவறிய ஆக்சிஜன் குறைவு வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய 3 மடங்கு இருந்தது. அதனால் எண் 94ஆ 95ஆ என்று பார்ப்பதைவிட, இரவில் எத்தனை தடவை சட்டென்று இறங்கி ஏறுகிறது என்று பார்ப்பதே பயன் தரும். ஆக்சிஜன் வரைபடம் நன்றாக இருந்தாலும், மூச்சுத் தசை தளர்ந்தவர்களுக்குக் கரியமில வாயு தேங்குவதை அது முழுமையாகக் காட்டாது. அவர்களுக்கு மருத்துவமனைச் சோதனை தேவை.

கடிகாரத்தைப் பார்த்து மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நடக்கிறது. தூக்கம் குறைவு என்று காட்டியதற்காகத் தூக்க மாத்திரை சேர்த்தால், மூச்சடைப்பு உள்ளவருக்கு மூச்சு இன்னும் அடங்கும். தூக்கம் அதிகம் என்று பயந்து இழுப்புக்குக் கொடுக்கும் பேக்லோஃபன் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம். இரண்டையும் வீட்டில் செய்யக்கூடாது.

முழு இரவுப் பரிசோதனைக்கு இங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப அரசாங்க கிளினிக்கின் கடிதம் வேண்டும். தேதி கிடைத்ததும் சில விஷயங்களை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்: கட்டில் உயரம் மாற்ற முடியுமா, ஆளைத் தூக்கிக் கிடத்த உதவி உண்டா, துணைக்கு ஒருவர் இரவு தங்கலாமா, இரவில் திருப்பிப் போட விடுவார்களா, சொந்தக் காற்று மெத்தையைக் கொண்டுவரலாமா. இவற்றைக் கேட்காமல் போனால் பாதி இரவில் ஒயர்களைக் கழற்ற நேரிடும். வேலை விபத்தில் அடிபட்டு, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் மறுவாழ்வுத் திட்டத்தில் இருப்பவர்கள், தூக்கக் குறைபாட்டையும் தங்கள் கேஸ் மேனேஜரிடம் சொல்லிக் கோப்பில் எழுத வைக்க வேண்டும். மலாக்கா ஆயர் குரோவில் உள்ள துன் ரசாக் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பப்படும்போது அது கூடவே போகும்.

கிளினிக்குக்கு வரும்போது கைப்பேசிப் படத்தோடு ஒரு பள்ளிக்கூட நோட்டையும் கொண்டுவாருங்கள். ஒரு நாளுக்கு ஒரு வரி போதும்: படுக்கையில் கிடத்திய நேரம், விளக்கணைத்த நேரம், திருப்பிப் போட்ட நேரங்களும் வி அல்லது தூ குறியும், இழுப்பு கண்ணில் பட்டதா, குறட்டை நின்று நின்று வந்ததா, இரவு மாத்திரைகள் எத்தனை மணிக்கு, காலையில் தலைவலி உண்டா, கடிகாரம் எந்தக் கையில். கடைசியில் அவர் தன் வாயால் சொன்ன தூக்க மணி நேரத்தைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள், கடிகாரம் சொன்னதை அதற்குப் பக்கத்தில்.

இப்படிக்கு,
பக்கவாத, முதுகுத்தண்டு நோயாளிகளின் வீட்டுப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள சிகிச்சையாளர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.